மக்கு பேசுது

போட மாட்டேன். இன்னைக்குப் போட மாட்டேன்னா போட மாட்டேன். நீ அங்கேயே நில்லு ஆதிரை, கால் கடுக்கிற வரைக்கும் நில்லு. மணி பத்து அம்பத்தெட்டு. நாலரை வயசு ஆகுது, கடிகாரம் பாக்கத் தெரியாது, ஒண்ணு ரெண்டு சொல்லத் தெரியாது, ஆனா பதினொரு மணி ஆகப்போகுதுங்கிறது மட்டும் எப்படித்தான் தெரியுமோ, எந்த மூலையில இருந்தாலும் எந்திரிச்சு வந்து டிவி முன்னாடி நின்னுடுறா. ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டு, வயித்தைத் தள்ளிக்கிட்டு, ஆய்வுக்கு வந்த கலெக்டர் மாதிரி. அணைஞ்சு கிடக்கிற டிவியில அவ உருவம் தெரியுது. அவளுக்குப் பின்னாடி தரையில உக்காந்து பீன்ஸ் நறுக்கிட்டிருக்கிற என் உருவமும் தெரியுது. அவ என்னைப் பாக்கல, அந்தக் கறுப்புக் கண்ணாடியில கூடப் பாக்கல. ரிமோட் அரிசி டப்பாக்குள்ள கிடக்கு, ஒயரைப் பிடுங்கி பீரோ மேல எறிஞ்சுட்டேன். பதினஞ்சு நாளைக்கு டிவியே கூடாதுன்னு ஜெசிந்தா மேடம் சொல்லிட்டாங்க. பேச்சுப் பயிற்சி குடுக்கிறவங்க, மாடியில ஒரு சின்ன ரூம்ல உக்காந்திருப்பாங்க, சுவத்துல ஒரு படம் கூட ஒட்டியிருக்காது. பேச வைக்கணும்னு பாக்காதீங்க மேகலா, அதெல்லாம் அப்புறம், முதல்ல உங்க குரலுக்குத் திரும்பட்டும், உங்க சொந்தக் குரலுக்கு, ஒரே ஒரு தரம் திரும்பி உங்க முகத்தைப் பாத்தா அதுவே போதும்னாங்க. அதுவே போதுமாம். ஏதோ காய்க்காரர்கிட்ட கறிவேப்பிலை கேக்கிற மாதிரி சொல்றாங்க. இன்னைக்கு நாலாம் நாள். காலையில எந்திரிச்சதுலேருந்து இருபத்தி மூணு தரம் கூப்பிட்டாச்சு, எண்ணி வச்சிருக்கேன். ஆதிரை. ஆதிரைக்குட்டி. ஏ ஆதிரை. இதோ, இருபத்தி நாலு. திரும்பல. காது நல்லாத்தான் கேக்குது, மெஷின் வச்சுப் பாத்தாச்சு, அடுத்த தெருவுல தண்ணி லாரி ரிவர்ஸ் எடுத்தா கூடத் திரும்புறா. நான் கூப்பிட்டா மட்டும் இல்ல. பீன்ஸ் முத்தலா இருக்கு, நார் உரிச்சு மாளல.

பதினொண்ணு. மேல் வீட்டுக் கல்பனா போட்டுட்டா. அவளுக்கு எல்லாம் தெரியும், படிக்கட்டுல நிறுத்தி வச்சு சொல்லியிருக்கேன், கொஞ்சம் சத்தம் கம்மியா வச்சுக்கங்கன்னு கெஞ்சாத குறையா கேட்டிருக்கேன், ஐயோ பாவம்னு உச்சுக் கொட்டிட்டு மேல போனவ அதே சத்தத்துலதான் வைக்கிறா. ஜன்னல் வழியா அப்படியே இறங்கி வருது. முதல்ல டமடமன்னு அந்தப் பாட்டு, கரண்டியும் தட்டும் வச்சு அடிக்கிற பாட்டு. அப்புறம் அந்தக் குரல். வாருங்கள் நண்பர்களே, வீட்டில் ஒருவரும் இல்லை, நாம் விளையாடலாம். மூக்கால ஆரம்பிச்சு, உச்சியில போய் நின்னுக்கிட்டு, கல்கண்டைக் கடிச்சுக்கிட்டே பேசுற குரல். அது நான்தான். மேல கத்திட்டு இருக்கிறதும் நான்தான், கீழ நார் உரிச்சிட்டு இருக்கிறதும் நான்தான். ஆதிரை தலையைத் தூக்கி சீலிங்கைப் பாக்கிறா. வாய் லேசாத் திறந்திருக்கு. போய் ஜன்னலைச் சாத்துறேன், தாழ்ப்பாள் சரியா விழாது, ஒரு துணியைச் சொருகி அடிச்சுச் சாத்துறேன், ஃபேனை அஞ்சுல வைக்கிறேன். அப்பவும் வருது. பாத்திரப் பட்டாளம்னு பேரு அந்தக் கார்ட்டூன் எழவுக்கு. எந்த நாட்டுல யார் வரைஞ்சதோ, வீட்டு மனுஷங்க வெளிய போனதும் கதவு சாத்துற சத்தம் கேக்கும், அடுத்த நிமிஷம் வீட்டுல இருக்கிற சாமான் பூரா கண்ணைத் திறக்கும். குடை சோம்பல் முறிக்கும், சீப்பு கொட்டாவி விடும், இஸ்திரிப் பெட்டி புஸ்ஸுபுஸ்ஸுன்னு கோவப்படும். குளிக்கிற ரூம்லேருந்து ஒரு மஞ்சக்கலர் மக் தத்தித் தத்தி வந்து எல்லாரையும் கூட்டி வச்சு இன்னைக்கு யாருக்கு ஆபத்துன்னு கேக்கும். ஆபத்துன்னா என்ன பெரிய ஆபத்து, ஒரு பட்டன் சோபாவுக்கு அடியில உருண்டு போயிருக்கும், ஒரு சாக்ஸ் தன்னோட ஜோடியைக் காணாம அழும். அந்த ஒத்தை சாக்ஸுக்கு அரைமணி நேரம் ஊரே கூடி அழும். இங்க ஒருத்தி ரெண்டு வருஷத்துக்கு மேல கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன், ஒரு பட்டாளமும் வரல. அந்த மக்குக்குத்தான் மூணு வருஷமா குரல் குடுக்கிறேன், நூத்தி நாலு எபிசோட். தலைவி நான். மஞ்ச பிளாஸ்டிக்.

பேரைப் பாரு பேரை. பாத்திரம்னா பாத்திரமும் ஆச்சாம், கதாபாத்திரமும் ஆச்சாம், தமிழ்ல வசனம் எழுதினவர் ஸ்டுடியோல எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப்போனார். குடையும் சீப்பும் எப்ப சார் பாத்திரமாச்சுன்னு கேட்டதுக்கு ஒரு மாசம் என்கூடப் பேசல. அவர்தான் மக்குக்கு மக்குன்னே பேர் வச்சது. குழந்தைங்க சிரிக்கும்மா, மக்குன்னா மக்கும் ஆச்சு, மரமண்டையும் ஆச்சுன்னார். சிரிச்சாங்க, எல்லாக் குழந்தையும் சிரிச்சுது, எம் பொண்ணும் சிரிச்சா. எங்க சிரிச்சான்னு கேளு. போன வருஷம் ஒரு பிளே ஸ்கூல்ல ஆறு நாள் விட்டேன். ஆறாம் நாள் மதியம் கூட்டிட்டு வரப் போனா, உள்ள ஆயாம்மா இவ சட்டையை மாத்திக்கிட்டே திட்டுறது கேக்குது, மக்கு, மக்கு, சொன்னது எதையாவது செய்யுதா பாரு, மக்கு. கேட்டுக்கிட்டே உள்ள போறேன், எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு, இவ என்னடான்னா கையைத் தட்டிச் சிரிக்கிறா. மக்குன்னு ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் குதிக்கிறா. ஓடிப்போய் அந்த அம்மா காலைக் கட்டிக்கிறா. என் காலை இவ கட்டினதே இல்ல. தன்னைத் திட்டுறாங்கன்னு தெரியல அவளுக்கு, தனக்குப் பிடிச்சவங்க பேரைச் சொல்றாங்கன்னு நினைச்சுட்டா. அந்த அம்மாவும் பயந்துபோய் என்னைப் பாத்துச்சு, நான் என்னத்தைச் சொல்றது, அந்த மக்கே நான்தாம்மான்னு சொல்றதா. பையை எடுத்துக்கிட்டு வந்துட்டேன், அதோட சரி. அதுக்கப்புறம் கல்யாணத்துல, காதுகுத்துல பாக்கிறவங்க எல்லாம் ஒரே கேள்விதான் கேக்கிறாங்க, அது பேசுமா? இன்னும் அது பேசலையா? அது. எம் பொண்ணு அதுவாம். பாத்திரப் பட்டாளத்துல குடை அவர், இஸ்திரிப் பெட்டி அவர், மக்கு அவங்க. மக்கு வந்தார்கள், மக்கு சொன்னார்கள். எட்டாம் மாசத்துலயே பொறந்து இருபத்தோரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடந்து பிழைச்சு வந்த எம் பொண்ணு அது. கேட்டவங்க வாயில பினாயிலை ஊத்தணும். குளிக்கிற ரூம்ல இருந்த மக்கை டிவியை நிறுத்தின முதல் நாளே தூக்கி எறிஞ்சுட்டேன், இப்ப சொம்புலதான் குளிக்கிறோம். என் வீட்டுக்காரர் குமரேசன் முனகிக்கிட்டே குளிச்சிட்டு வேலைக்குப் போறார்.

இதெல்லாம் யாரு பண்ணினது? நான் பண்ணினது. கல்பனா இல்ல, எழுதினவர் இல்ல, நான். கண்ணாடிப் பெட்டியிலேருந்து எடுத்து நர்ஸ் என் கையில வச்சப்ப கையில எதையோ வச்ச மாதிரியே இல்ல. பூம்பஞ்சுன்னு வாயில தானா வந்துச்சு. எங்க வீட்டுல யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்ல, எந்தப் பாட்டுலயும் கேட்டதில்ல, அது என் வார்த்தை, நான் பெத்த வார்த்தை. பூம்பஞ்சு பால் குடிக்கலாமா, பூம்பஞ்சு தூங்கலாமா. ஒன்றரை வயசுல அந்த வார்த்தைக்குத் திரும்பினா. திரும்பினா, பொய் இல்ல, போன்ல வீடியோ இருக்கு, பதினாலு செகண்ட், கொடியில காயப்போட்ட வேட்டியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கா, நான் பூம்பஞ்சுங்கிறேன், திரும்புறா, நாலு பல்லு. ஜெசிந்தா மேடத்துக்கிட்ட காட்டினேன், பாத்துட்டு போனைத் திருப்பிக் குடுத்தாங்க. அப்புறம் ஒன்பதாம் எபிசோட். நல்ல மழை, கரண்ட் போய்ப் போய் வருது, ரெக்கார்டிங் ரூம்ல ஏசி இல்ல, காதுல ஹெட்போன் ஈரமா ஒட்டுது. டப்பிங்ல எல்லாமே லிப்புதான். படத்துல வாய் எப்ப மூடுதோ அப்ப நமக்கு ப வரணும், இல்லேன்னா ம வரணும், வாய் பிளந்திருக்கும்போது ம போட்டா குழந்தை கூடக் கண்டுபிடிச்சிடும். ஒரு பட்டன் அழுதுக்கிட்டு நிக்குது, மக்கு அதைக் கட்டிப்பிடிச்சு ஏதோ சொல்லுது, வாய் ரெண்டு தரம் மூடித் திறக்குது, பேப்பர்ல ஒண்ணுமே எழுதல, விட்டுப்போச்சு. எழுதினவர் டீ குடிக்கப் போயிட்டார். டப்பிங் டைரக்டர் சம்பத் சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மைக்ல சொல்றார், ரெண்டே ரெண்டு மூடல்தான்மா, ஏதாவது போட்டு நிரப்பிடு, கரண்ட் போறதுக்குள்ள முடிச்சிடலாம். யோசிக்கவே இல்ல. வாயில இருந்ததைத் துப்பிட்டேன். பூம்பஞ்சு. பூவுக்கு ஒரு மூடல், ம்பவுக்கு ஒரு மூடல். அச்சு வார்த்த மாதிரி போய் உக்காந்துச்சு. சம்பத் சார் எந்திரிச்சு நின்னு கை தட்டினார், இதை எல்லா எபிசோட்லயும் வச்சுக்கலாம்மா, மக்கு எல்லாரையும் இப்படித்தான் கூப்பிடுதுன்னு வச்சுக்கலாம்னார். எனக்குப் பெருமை. வெக்கங்கெட்டவ, பெருமையா இருந்துச்சு. ஆட்டோல வீட்டுக்கு வர்றவரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தேன்.

இப்ப தெருவுல எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் பூம்பஞ்சு. கல்பனா பையன் பூனையை பூம்பஞ்சுங்கிறான். யாரோ ஒருத்தர் வீட்டுப் பிறந்தநாள் கேக்ல எழுதியிருந்தாங்க, மஞ்சக் கிரீம்ல. அது எங்கேயோ போகட்டும், ஊர் வாயில கிடந்து நாறட்டும், ஆனா ரெண்டு வயசுக்கு மேல ஒரு நாள் இவளைப் பாத்து பூம்பஞ்சு தோசை சாப்பிடலாமான்னு நான் கேட்டேன், இவ டிவியைத் திரும்பிப் பாத்தா. என்னை இல்ல. அன்னைக்கு தோசைக்கல்லு தீய்ஞ்சு புகை வர்ற வரைக்கும் அப்படியே நின்னேன். அதுக்கப்புறம் அந்த வார்த்தையை நான் சொல்றதில்ல, சொன்னா எனக்கே வேற எவளையோ காப்பியடிக்கிற மாதிரி இருக்கு. ஆதிரை பேசாம இல்ல, அதை யாரும் புரிஞ்சுக்கிறதில்ல. நாள் பூரா பேசுறா. பசிச்சா ஆபத்து ஆபத்துங்கிறா. தூக்கம் வந்தா மனிதர்கள் வந்துவிட்டார்கள், எல்லோரும் உறையுங்கள்ங்கிறா. கீழ விழுந்து முட்டி கிழிஞ்சு ரத்தம் வந்தப்ப கூட கவலை வேண்டாம் நண்பர்களேன்னுதான் அழுதா. எல்லாம் அந்தச் சனியனோட வசனம், நான் பேசின வசனம், நான் ஏத்தி இறக்கின அதே இடத்துல ஏத்தி இறக்கி. எங்கிட்ட பேசினது ஒண்ணு இல்ல. டிவியால வந்ததில்ல இது, பிள்ளை பொறக்கும்போதே ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரிதான், அவசரப்பட்டு ஒரு பேரு வைக்க வேண்டாம்னு ஜெசிந்தா மேடம் சொல்லிட்டாங்க. சொல்லுவாங்க. ராத்திரி பகலா அந்த மக்கோட வாய் எங்கிட்டத்தானே இருக்கு, அவங்ககிட்டயா இருக்கு. சொந்தக் குரலாம். என் குரல் கட்டைக்குரல், கொஞ்சம் கரகரப்பு, ஸ்டுடியோ வாசல்ல கழட்டி வச்சிட்டுத்தான் உள்ள போவேன். கழட்டி வச்சதுக்கு எவளாவது திரும்புவாளா.

ஒரு தரம் அந்தத் தப்பையும் பண்ணிட்டேன். மூணு மாசம் முன்னாடி, காய்ச்சல் விட்டு ரெண்டு நாளா ஒரு வாய் சோறு இறங்கல. குமரேசன்தான் சொன்னார், அந்தக் குரல்ல ஒரே ஒரு தரம் கூப்பிட்டுப் பாரேன். பாவம், அவரும் என்ன பண்ணுவார். சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, கையில ரசம் சாதத்தோட, மூக்குக்கு ஏத்தி, உச்சியில நிறுத்திக் கூப்பிட்டேன். ஆதிரை, வாருங்கள், சாப்பிடலாம். ஓடி வர்ற சத்தம் கேட்டுச்சு. சின்னச் சின்னதா, திம்திம்னு. கதவுக்கு வெளிய வந்துட்டேன். சிரிச்சுக்கிட்டே வர்றா. அப்படி ஒரு சிரிப்பு எம் பொண்ணு முகத்துல இருக்குன்னே எனக்குத் தெரியாது. கையை நீட்டினேன். என் தொடையை உரசிக்கிட்டு ஓடிட்டா. என்னைத் தாண்டி ஓடி டிவிக்குப் பின்னாடி போய், அந்த ஒயரு, தூசி, ஒட்டடைக்குள்ள கையை விட்டு விட்டுத் தேடுறா, ஸ்க்ரூ கிழிச்சு நகத்துல ரத்தம் வர்ற வரைக்கும் தேடுறா. அப்புறம் ரெண்டு மணி நேரம் அழுகை. நான் கரண்டியோட நின்னேன். அந்தச் சிரிப்பைப் பாத்தேனே, அதுதான் தப்பாப்போச்சு, பாக்காமலே இருந்திருந்தா பொறுத்துக்கிட்டிருப்பேன். இனிமே எக்காரணம் கொண்டும் வீட்டுல அந்தக் குரல் கூடாதுன்னு மேடம் கண்டிச்சு அனுப்பினாங்க. ஆனா வாயைத் திறந்தா போதும்னு தெரியுதே எனக்கு. தினமும் தெரியுதே. மூடி வச்சுக்கிட்டு இருக்கிறது என்ன லேசா.

ஃப்ரிட்ஜ் மேல போன் அதிருது. சம்பத் சார். எடுக்க மாட்டேன். எதுக்குன்னு தெரியும், அடுத்த பாகம் வந்துடுச்சு, திங்கக்கிழமையிலேருந்து ரெக்கார்டிங், மக்குக்கு ஒரு தங்கச்சி வர்றாளாம், சோப்பு டப்பா. வரட்டும். நான் வரல சார்னு சொல்லிட்டா என்ன ஆகும்? வேற எவளாவது வருவா, என்னை மாதிரியே மூக்கால பேசுறதுக்கு ஆளா இல்ல, வாசல்ல வரிசையில நிக்கிறாங்க. அவ பேசுவா, மக்கு சாகாது. ஆதிரைக்கு வித்தியாசம் தெரியுமா? தெரிஞ்சு, இது இல்லன்னு டிவியை விட்டுட்டு வந்துட்டா? வந்து எங்கே போவா? எங்கிட்டயா வருவா? இல்ல, தெரியாமலே போயிட்டா? யாரோ ஒருத்தி குரலுக்கும் அதே மாதிரி சிரிச்சா? அப்ப எனக்குன்னு இருக்கிற இந்தக் கொஞ்சம் கூட மிச்சமில்லாம போயிடும். இப்பவாவது அந்தச் சிரிப்பு என் தொண்டைக்குத்தான் வருது, வேற முகத்துக்கு வந்தாலும் என் தொண்டைக்கு. ச்சீ, என்ன பிழைப்பு இது, ஒரு மக்குகிட்ட பொறாமை, அதுவும் நானே பேசுற மக்குகிட்ட. போன் நின்னுடுச்சு. மறுபடி அதிருது, இந்தத் தரம் குமரேசன், எடுத்தேன். திரும்பினாளான்னு கேட்டார். இல்லன்னேன். பின்னாடி லாரி சத்தம். ஒரு எபிசோட் போட்டுத் தொலையேன் மேகலா, குழந்தையும் நிம்மதியா இருக்கும், நீயும் நிம்மதியா இருப்பேன்னார். வச்சிட்டேன். நிம்மதியாம்.

வர்றா. என் பக்கம்தான் வர்றா, ஆனா என்னைப் பாத்து இல்ல. எனக்குத் தெரியும் எதுக்குன்னு. மணிக்கட்டைப் பிடிக்கிறா. தண்ணி வேணும்னா இப்படித்தான், மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் என் கையை எடுத்துக் குழாய் மேல வைப்பா. பிஸ்கட் வேணும்னா டப்பா மேல வைப்பா. முகத்தை நிமிந்து பாக்க மாட்டா, பாக்கணும்னு அவளுக்குத் தோணவே தோணாது, இடுக்கியை எடுக்கும்போது இடுக்கி மூஞ்சியை யாரு பாக்கிறா. அந்தப் படத்துல சீப்புக்கு உயிர் இருக்கு, செருப்புக்கு உயிர் இருக்கு, இந்த வீட்டுல உயிரில்லாத சாமான் நான் ஒருத்திதான். இழுக்கிறா. விரலுங்க சில்லுன்னு இருக்கு. எந்திரிக்காம இருந்து பாத்தேன், ரெண்டு கையாலயும் இழுக்கிறா, முனகுறா, சரின்னு முட்டி போட்டுக்கிட்டே போனேன். டிவிக்குப் பக்கத்துல சுவிட்ச் மேல என் கையைக் கொண்டுபோய் வைக்கிறா. அழுத்துறா. என் விரலை வச்சு அழுத்துறா. சுவிட்ச் விழுது, டிவி வரல, ஒயர் பீரோ மேல. திரும்ப அழுத்துறா. டக். டக். டக். என் விரல் கணு வலிக்குது. ஆதிரை, டிவி இல்லடா, வராதுடா. இருபத்தி அஞ்சு. டக். ஆதிரை, இங்க பாரு, அம்மாவைப் பாரு. இருபத்தி ஆறு. மேல பாட்டு முடியுது, மனிதர்கள் வந்துவிட்டார்கள்னு என் குரல் கத்துது, எல்லா சாமானும் அதது இடத்துல போய்ச் செத்து விழுது, கல்பனா டிவியை அணைச்சுட்டா. பதினொண்ணரை. சத்தம் நின்னதும் இவளுக்கு என்னவோ ஆயிடுச்சு. என் கையைத் தூக்கிச் சுவத்துல அடிக்கிறா. ரிப்பேரான சாமானைத் தட்டுற மாதிரி, என் கையை, திரும்பத் திரும்ப. விரல் முட்டி தோல் வழண்டுடுச்சு. ஆதிரை வலிக்குதுடி. அடிக்கிறா. எனக்கு வலிக்கும்னு அவளுக்குத் தெரியல. எனக்கு ஒண்ணு இருக்குன்னே தெரியல. கையை உதறிப் பிடுங்கினேன், அவ பின்னாடி போய்த் தரையில உக்காந்துட்டா, அழல, அப்பவும் டிவியைத்தான் பாக்கிறா. எனக்கு அவளைப் பிடிக்கல. அந்த ஒரு நிமிஷம் எம் பொண்ணை எனக்குப் பிடிக்கவே இல்ல, அறையணும் போல இருந்துச்சு, கதவைத் திறந்துக்கிட்டு இப்படியே எங்கேயாவது போயிடணும் போல இருந்துச்சு. வயித்துலேருந்து ஒண்ணு கிளம்பி ஏறுது, அழுகையா கோவமா தெரியல, நான் பிடிச்சு நிறுத்துறதுக்குள்ள வாயைத் தாண்டிடுச்சு.

"உனக்கு நான் யாருடி?"

கேட்டது நான்தான். வந்தது என் குரல் இல்ல. அழுகையில மூக்கு அடைச்சு, கோவத்துல உச்சிக்கு ஏறி, அதே இடத்துல போய் நின்னு, அது. சத்தியமா நான் வரவழைக்கல. கல்கண்டு இல்ல, தேன் இல்ல, ஆனா அதேதான், எனக்கே தெரிஞ்சுது. ஆதிரை விறைச்சுப்போய் உக்காந்திருக்கா. டிவியைப் பாத்தா, கறுப்பா கிடக்கு. சீலிங்கைப் பாத்தா, ஒரு சத்தமும் இல்ல. ஜன்னலைப் பாத்தா, துணி சொருகி அப்படியே இருக்கு. அப்புறம் மெதுவா என் பக்கம் திரும்பினா. பார்வை கண்ணுக்கு வரல, வாயில வந்து நின்னுச்சு. அழுகையில என் வாய் கோணிக்கிட்டு ஆடிட்டு இருக்கு, அதையே பாக்கிறா. எந்திரிச்சு வந்தா. நான் முட்டி போட்டிருக்கிறதுனால உயரம் சரியா இருக்கு. கீழ் உதட்டைப் பிடிச்சு இழுத்தா. விரலை உள்ள விட்டா. பல்லைத் தடவினா, நாக்கைத் தூக்கிப் பாத்தா, கன்னத்து உள்பக்கம் ரெண்டையும் துழாவினா, வீட்டுல களவு போன பொருளைத் தேடுற போலீஸ் மாதிரி, ஒரு இடம் விடாம. நகம் கீறுது. நான் அசையல. ஒண்ணும் கிடைக்கல போல. விரலை உள்ளயே வச்சுக்கிட்டு நிமிந்தா. என் கண்ணைப் பாத்தா. நேரா, என் கண்ணுக்குள்ள. இவளுக்குக் கருவிழி இவ்வளவு கறுப்பா, அதுல ஒரு ஓரத்துல பழுப்பா ஒரு புள்ளி இருக்கா, நாலரை வருஷமா எனக்குத் தெரியாதே. அந்தக் கண்ணு பூரா கோவம். என்னை வெறுக்கிறா. அவளோட பட்டாளம் பூராவையும் எடுத்து விழுங்கி வச்சிருக்கிற ஒருத்தியை வெறுக்கிற மாதிரி வெறுக்கிறா.

"குடு,"ங்கிறா எம் பொண்ணு.

பட்டாளத்துல ஒருத்தரும் குடுன்னு சொல்ல மாட்டாங்க. கொடுங்கள்னுதான் சொல்வாங்க, நூத்தி நாலு எபிசோடும் எனக்கு மனப்பாடம். இது அங்க உள்ளது இல்ல, இது யாரும் எழுதிக் குடுத்தது இல்ல, எனக்குன்னு சொன்னது, என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னது. பதில் சொல்லணும். அந்தக் குரல்ல சொன்னா இன்னும் உள்ள கையை விட்டுத் தேடுவா. என் குரல்ல சொன்னா, இது இல்லன்னு கையை எடுத்துட்டு டிவிக்குப் போயிடுவா. கண்ணு இன்னும் என் மேலதான் இருக்கு, எடுக்கல. வாயை இன்னும் கொஞ்சம் பெருசாத் திறந்தேன், நல்லாப் பாத்துக்கட்டும்னு. எச்சில் ஒழுகி அவ மணிக்கட்டு வழியா இறங்குது. தாடை வலிக்குது, குமட்டிக்கிட்டு வருது. மூடல.